என்ன பாட்டுங்க டீச்சர்?

எங்கள் காரில் பாட்டு நின்றுபோனது ஓர் ஆவணி மாதக் காலையில். முந்தைய நாள்தான் பேட்டரி மாற்றியிருந்தேன். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உடனே கிளம்பியது. ஆனால் ஸ்டீரியோவின் பச்சைத் திரையில் ‘கோட்’ என்ற சொல் ஆங்கிலத்தில் மின்னியது. பக்கத்தில் நான்கு சின்னக் கோடுகள். ஏதோ நான்கு இலக்க எண்ணைக் கேட்கிறது.

அந்த எண் என் கணவருக்குத் தெரியும். அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த எண்களை அந்த ஐந்து மாதமும் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தேன். மின் இணைப்பு எண், பாலிசி எண், கேஸ் புத்தக எண். இப்படி ஒன்று மிச்சம் இருப்பது தெரியாது. அவர் பிறந்த வருடத்தைப் போட்டேன். மகள் பிறந்த வருடம், எங்கள் கல்யாண வருடம், வண்டி எண். கடைசியாக என் பிறந்த வருடத்தையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை. சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு செட் முழுக்கப் பூட்டிக்கொண்டது.

திருட்டுக்குப் பயந்து வைத்த பூட்டு அது. கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோவைப் பிடுங்கிப்போவது உலகமெங்கும் நடந்த காலத்தில், மின்சாரத் தொடர்பு அறுந்தால் எண்ணைக் கேட்கும்படி சில கம்பெனிகள் செட்டைச் செய்தன. பிடுங்கிய செட் திருடனுக்குப் பயன்படாது. பேட்டரியைக் கழற்றியபோது அந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது. செட்டுக்கு என்னையும் திருடனையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கார் 2009-இல் வாங்கியது. அறுபது மாதத் தவணையும் என் சம்பளக் கணக்கிலிருந்து போனது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில். யாரும் என்னை ஏமாற்றவில்லை. “உங்க பேர்லயே இருக்கட்டும், நான் எங்க அலையறது” என்று சொன்னதே நான்தான்.

லாரிக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். எந்தச் சந்தில் கேட்டாலும் நாலு பேருக்கு இஞ்சின் பிரிக்கத் தெரியும். அந்த நாலு பேரும் ஆண்கள். 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானபோது நான் கல்லூரியில் இருந்தேன். அந்தச் செய்தியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினேன். ஆனால் ஸ்டீயரிங்கை நான் தொட்டது 41 வயதில், பள்ளிக்குப் போய்வர வேறு வழியில்லை என்றான பிறகு.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் இருந்தது. ஓட்டுகிறவர்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்பார். அவர் ஓட்டும்வரை அதில் எனக்குக் குறை தெரியவில்லை. எண்பதுகளின் இளையராஜா, அதைவிட்டால் கோடை பண்பலை. நான் ஓட்டக் கற்றுக்கொண்டு, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார ஆரம்பித்ததும் சட்டம் மாறியது. “நீ ரோட்டைப் பாரு, செட்டை நான் பாத்துக்கறேன்.” அன்பாகத்தான் சொன்னார். ரோட்டைப் பார்த்தேன். பாட்டு எப்போதும் போலவே ஓடியது.

செட் பூட்டிக்கொண்டதும் முதலில் போனது சர்வீஸ் சென்டருக்கு. செட்டின் மேல்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும் ஆர்.சி.யும் இருந்தால் கோட் எடுத்துத் தரலாம் என்றார்கள்.

“ஆனா மேடம், வண்டி சார் பேர்ல இருக்கு. சாரை ஒருக்கா வரச் சொல்லுங்க.”

“அவர் இல்லீங்க.”

“ஊர்ல இல்லீங்களா? வந்தப்புறம் வரட்டும், பரவால்ல.”

நான் விளக்கினேன். கவுன்டரில் இருந்த பையன் முகம் வாடிப்போய், “பையன் யாராச்சும் இருந்தா...” என்று இழுத்தான். எனக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

உரிமையாளர் இறந்தால் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 இருக்கிறது. இறப்பை முப்பது நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஐந்தாம் மாதத்தில். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காப்பீடு எல்லாம் சேர்த்துக் கொடுத்துத் தாமதக் கட்டணமும் கட்டினேன். என் பெயர் அச்சடித்த ஆர்.சி. கைக்கு வருவதற்குள் மார்கழி ஆகிவிட்டது.

அதுவரை பேச்சில்லாத வண்டியில் போய்வந்தேன். வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் ரோட்டில் என் பள்ளிக்கூடம். ஒருபுறம் வாய்க்கால் பாசனத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். பிலிக்கல்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் வாசம் ஜன்னல் வழியே வரும். “அண்ணி, நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க? வண்டியக் குடுத்துட்டு ஆட்டோ வச்சுக்குங்க” என்றார் கொழுந்தனார். அவர் வீட்டில் கார் இல்லை என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொண்டேன்.

இப்போது ஆர்.சி.யோடு போனால் கோட் கிடைக்கும். போகவில்லை. அந்தப் பூட்டைத் திறந்தால் அவர் சேமித்து வைத்த அலைவரிசைகள்தான் உள்ளே இருக்கும் என்று தோன்றியது. செட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்திலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை. அதிகம் லாரி வேலை செய்கிறவர். “லாரிக்கு 24 வோல்ட்டுங்க டீச்சர், காருக்கு 12. அதுக்குத் தக்கன செட்டு வாங்கோணும்” என்று தொடங்கியவர், பழைய செட்டைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். வெளியில் விற்கும் செட்டுகளுக்கு ஜெர்மானியர் வகுத்த ‘டின்’ அளவு இருக்கிறது. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50. இரட்டை அளவென்றால் உயரம் 100. கம்பெனி செட்டோ டேஷ்போர்டோடு சேர்த்து வார்த்த மாதிரி வளைந்து நெளிந்து இருந்தது. அதைக் கழற்றினால் விழும் ஓட்டையை அடைக்க அந்த மாடலுக்கென்று ஒரு ஃப்ரேம் வேண்டும். பின்னால் இருக்கும் ஒயர்க் கொத்துக்கு ஒரு கப்ளர் வேண்டும்.

“கப்ளரெல்லாம் சேலத்துல இருந்து வரோணுங்க. வெட்டி முறுக்கி டேப் சுத்திட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சுருங்க.”

“வெட்ட வேண்டாங்க.”

அவர் ஒரு கணம் பார்த்தார். “எதுக்கும் வீட்ல ஆம்பளைங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“கேட்டாச்சுங்க. வெட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றேன். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் வேலை நடந்தது. அதற்காக இன்றும் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

கப்ளர் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் இன்னொரு வெட்கம் என்னை அரித்தது. நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்துகிறேன். தொடரிணைப்பு, பக்க இணைப்பு, ஓம் விதி எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் காரின் ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆய்வகத்திலும் இதே கதைதான். பையன்கள் ஒயரை மாட்டுவார்கள், பெண் பிள்ளைகள் அளவுகளை அழகான கையெழுத்தில் ரெக்கார்டில் எழுதுவார்கள். யாரும் அப்படிச் சொல்லிப் பிரித்துவிடவில்லை. தானாக நடக்கிறது என்று இருபது வருடமாக நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் என் மல்டிமீட்டரோடு கடைக்குப் போனேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு அவர் பழைய செட்டை உருவினார். பின்னால் ஒயர்கள் தலைமுடி மாதிரி தொங்கின. புதிய செட்டின் ஒயர்களுக்கு நிற ஒழுங்கு உண்டு. கறுப்பு எர்த். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம். மஞ்சள், சாவி எடுத்த பிறகும் நிற்காமல் வரும் மின்சாரம். செட்டின் நினைவு அதில்தான் இருக்கிறது. வெள்ளையும் சாம்பலும் முன்புற ஸ்பீக்கர்கள், பச்சையும் ஊதாவும் பின்புறம். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். கார் கம்பெனியின் ஒயர்கள் இந்த நிறங்களுக்குக் கட்டுப்படாது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேட்டரியைத் திரும்ப மாட்டிவிட்டு அளந்தேன். சாவி இல்லாமலே ஒரு முனையில் 12.5 வோல்ட் காட்டியது. “இதுதான் மஞ்சளுக்குங்க” என்றேன். சாவியைத் திருப்பியதும் இன்னொன்று உயிர்பெற்றது. “இது சிவப்புக்கு.” அவர் மறுபேச்சில்லாமல் கப்ளரைச் சரிபார்த்தார். அவசரத்துக்குச் சிலர் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவார்களாம். இரண்டையும் சாவிக்குப் பின்னால் முறுக்கினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். நேரடி மின்சாரத்தில் முறுக்கினால் செட் தூங்காமல் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும். “வாரம் ரெண்டு வண்டி அப்படி வருதுங்க” என்று சிரித்தார்.

ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்ததால் முன்கதவு இரண்டுக்கும் புதிது வாங்கினோம். அங்கே அவர் எனக்கொன்று கற்றுக்கொடுத்தார். சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் செல்லை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டார். கூம்பு முன்னால் துள்ளியது. செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றி இணைத்துவிட்டால் ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாட்டு கேட்கும், ஆனால் தபேலாவின் அடி காணாமல் போகும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

பெரிய தொடுதிரை வைக்கச் சொன்னார்கள். திருகு உள்ள சாதாரண செட் போதும் என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சத்தத்தைக் குறைக்க விரலுக்குத் திருகுதான் தெரியும். ஃப்ரேம் உட்கார்ந்தது. திரை வெளிச்சமானது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“என்ன பாட்டுங்க டீச்சர் போடட்டும்?”

எனக்குப் பதில் வரவில்லை.

மறந்துபோனதால் அல்ல. ஞாபகத்தில் பாட்டுகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் அவருக்குப் பிடித்தது, மகளுக்குப் பிடித்தது, பஸ்ஸில் போட்டது, கல்யாண வீட்டில் போட்டது. நானாகக் கை நீட்டித் தேர்ந்தெடுத்த ஒன்று உண்டா என்று தேடினேன். கடைக்காரர் காத்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “ஏதாவது போடுங்க” என்றேன். அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருடமும் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வரும் வழியில் உறைத்தது. உணவகத்தில், துணிக்கடையில், சுற்றுலாவில். ‘ஏதாவது.’

பாட்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய உரிமையா என்று கேட்கலாம். சொத்து, சம்பளம், உயிர் என்று பெண்கள் போராட ஆயிரம் இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் பெயர் வேண்டாம் என்று சொன்னவளும், பாட்டுக்கு ‘ஏதாவது’ என்று சொன்னவளும் ஒரே ஆள்தான். சின்னதில் பழகிய நாக்குதான் பெரியதிலும் அதையே சொல்கிறது.

கழற்றிய பழைய ஸ்பீக்கரை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போலப் பையன்கள் முண்டினார்கள். “இன்னைக்கு நீங்க ரெக்கார்டு எழுதுங்கடா” என்றேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி செல்லைத் தொட, கிழிந்த கூம்பு துள்ளியது. அவள் கையை இழுத்துக்கொண்டு, பிறகு யாரும் சொல்லாமலே செல்லைத் திருப்பிப் பிடித்துத் தொட்டாள். கூம்பு உள்ளே போனது. “மிஸ், பின்னாடி போகுது!” அந்த வாரம் முழுக்க ஸ்பீக்கர் அவர்கள் பெஞ்சில்தான் இருந்தது.

புதிய செட்டில் அலைவரிசைகளைச் சேமிக்க ஆறு பொத்தான்கள். முதலில் கோடை பண்பலையின் 100.5-ஐத்தான் வைத்தேன். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. இவ்வளவு நாள் கேட்டதில் எனக்கும் பங்குண்டு. மற்றதற்கு, காலையில் பள்ளிக்குப் போகும்போது திருகைத் திருப்பிக்கொண்டே போகிறேன். பிடிக்காததைத் தாண்டுகிறேன். சில நாள் எதுவும் வேண்டாமென்று அணைத்துவிட்டு ஜன்னலை இறக்குகிறேன். சென்ற வாரம் மகள் வந்தபோது முன்னால் உட்கார்ந்து செட்டை நோக்கிக் கை நீட்டினாள். “இரு, இது முடியட்டும்” என்றேன்.

ஆறில் இரண்டு பொத்தான்கள் நிரம்பியிருக்கின்றன.