பெருக்கிய வீட்டில் குடியிருப்பது யார்?



நான் ஊழியத்துக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், குடியை விட்டு ஆறு மாதமான சகோதரர் ஒருவரை ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அழைத்தேன். சபையார் மகிழ்ந்து ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். என் கடமை அன்றோடு முடிந்ததென்று எண்ணிக்கொண்டேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் என் வீட்டுக்கு வந்தார். "குடிக்கவில்லை ஐயா. ஆனால் சாயங்காலம் ஆனால், எதற்காக இருக்கிறேன் என்றே தெரியவில்லை" என்றார். இறையியல் கல்லூரியில் கற்ற எதுவும் அந்நேரம் எனக்கு உதவிக்கு வரவில்லை.

ஆண்டவர் சொன்ன வீட்டின் உவமை (மத்தேயு 12:43-45) அன்றிரவு என்னை உறுத்தியது. அசுத்த ஆவி விட்டுப்போன வீடு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாரும் குடியிருக்கவில்லை. ஆகையால் போன ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. சகோதரருடைய வீட்டைப் பெருக்கியதைக் கொண்டாடிய நான், அதில் என்ன குடியேற வேண்டும் என்று யோசிக்கவேயில்லை.

இந்த வெறுமையை அறிந்த ஒருவரைப் பற்றி முன்பு வாசித்தது அப்போது நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். தொடர்ந்த மாதங்களில் குடியில் தவித்த பலரைத் தேடிச் சென்று பேசினார், ஒருவரும் விடவில்லை. ஆனால் அவர் குடிக்காமலிருந்தார். 1935 மே மாதம் ஓஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில், தொழில் காரியம் தோற்று, ஓட்டல் கூடத்தில் தனியே நின்றபோது, மதுக்கூடத்தின் இரைச்சல் அவரை இழுத்தது. அவரோ தொலைபேசியில் அவ்வூர்ப் போதகர்களை அழைத்து, தன்னைப்போல் தவிக்கும் ஒருவரைச் சந்திக்க வழி கேட்டார். அப்படிச் சந்தித்தவரே மருத்துவர் பாப் ஸ்மித். கால்மணி நேரம் மட்டும் என்று வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கும் மேல் பேசிக்கொண்டிருந்தார். பின்பு ஒருமுறை விழுந்து எழுந்த அவர், அதன்பின் மதுவைத் தொடவேயில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் அவ்வாண்டு ஜூன் 10ஐயே தன் தொடக்கநாளாகக் கொள்கிறது.

மறுநாள் நான் சகோதரரிடம், சபையில் குடியோடு போராடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொன்னேன். "சாயங்காலம் அவனோடு ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்" என்றேன். அந்த இளைஞன் பலமுறை விழுந்தான். சகோதரர் போவதை நிறுத்தவில்லை. அவனுடைய பொய்களைக் கேட்கக் கேட்க, தாம் மனைவியிடம் சொன்ன பொய்கள் அவருக்கு விளங்கின. குடி போனபின்பும் போகாதிருந்த முன்கோபம் மெல்லத் தணிந்தது. ஒருநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

பிரியமானவர்களே, நீங்கள் குடியை விட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். உங்கள் பழைய வெட்கத்தை அறிந்த ஒருவருக்காக இன்னொருவர் இன்று காத்திருக்கிறார், அவரிடம் போங்கள். சாட்சியைக் கேட்டு மகிழ்ந்த நாமோ, சாட்சி சொன்னவருடைய சாயங்காலங்களையும் விசாரிப்போம்.

பெருக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் கர்த்தர் தாமே வாசம்பண்ணி, அதன் கதவைப் பிறருக்காகத் திறந்துவைப்பாராக. ஆமென்.