ஆளுக்கொரு லைக் போடுங்க, அண்ணாச்சி!

என் வலைப்பூவுக்குத் தினமும் பதினொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள் என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்? 'பரவாயில்லையே, ஆசாமி தேறிட்டானே!' என்றுதானே? கொஞ்சம் பொறுங்கள். பி.காம். படித்தவன் நான், கணக்கில் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பதினொன்றில் ஏழு, 'யாராவது வந்திருக்கிறார்களா' என்று அடியேனே எட்டிப் பார்த்தது. இரண்டு, என் சகதர்மிணி. "இன்னிக்காவது என் மானத்தை வாங்காம எழுதியிருக்கீகளா" என்று சோதனை போட வந்தது. ஒன்று, வேறு எதையோ தேடிக் கைதவறி உள்ளே விழுந்த புண்ணியவான். பாக்கி ஒன்று? அது யாரென்று எனக்கும் தெரியாது. அந்த ஒருத்தருக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊர் திருத்தங்கல். மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள் கால்கடுக்க நின்று காவல் காக்கிற ஊர். 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு எங்களைச் சேர்த்த பிறகு நாங்களும் 'சிட்டி'க்காரர்கள். தொழில், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைப்பது. 'பிழைப்பது' என்பது சற்று மிகையான சொல். திரும்பி வந்த கட்டுரைகளுக்கு ஒரு புகலிடம் வேண்டுமே என்று ஆரம்பித்ததுதான் வலைப்பூ.

அதிலும் நான் லேட். 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கி, எந்தத் தமிழ் வலைப்பூவில் என்ன புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் காட்டிய காலத்திலேயே வந்திருக்க வேண்டும். தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிக்க வந்தவன் கதை என்னுடையது. இப்போது சொந்தமாகத் தமுக்கடித்தால்தான் ஆள் சேரும்.

அடித்தேன்!

முதலில் வாட்ஸ்அப். ஒரே அமுக்கில் 256 பேருக்கு அனுப்பும் 'பிராட்காஸ்ட்' வசதி இருக்கிறதே! போனில் இருந்த அத்தனை நம்பரையும், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உட்பட, பட்டியலில் சேர்த்து அனுப்பினேன். பதிலே இல்லை. செல்போன் கடைத் தம்பிதான் ரகசியத்தை உடைத்தான். "அண்ணே, உங்க நம்பரை அவுக போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் அது போய்ச் சேரும்!" இந்தப் பூவுலகில் என் நம்பரைப் பதிந்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேஸ்காரர் பதிந்திருந்தார். "சார், புக்கிங் நம்பர் சொல்லுங்க" என்று பதிலும் போட்டிருந்தார்.

அடுத்து குடும்ப குரூப். நாள் தவறாமல் இணைப்பை அனுப்பினேன். ஐந்தாம் நாள் தாய்மாமன், "மாப்ள, இது குடும்ப குரூப். வியாபாரம் வேண்டாம்" என்று எழுதினார். அதற்கு மட்டும் பதினாலு கட்டைவிரல்!

அப்புறம் ஃபேஸ்புக். தம்பி அதற்கும் சித்தாந்தம் வைத்திருந்தான். "2018 ஜனவரியிலயே சொல்லிட்டாக அண்ணே, சொந்தக்காரவுக, சிநேகிதக்காரவுக பேச்சுக்குத்தான் முதல் மரியாதைன்னு. வெளிய போற லிங்க்கைப் போட்டா யாரு கண்ணுலயும் படாது. முதல் கமெண்ட்ல போடுங்க." நியாயம்தானே! கடைக்குள் வந்தவனை எதிர்க்கடைக்கு அனுப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? ட்விட்டரை வாங்கி எக்ஸ் ஆக்கிய ஈலான் மஸ்க்கும் 2024 நவம்பரில் அதையேதான் சொன்னார்: இணைப்பைப் பதிவில் போடாதீர்கள், கீழே பதிலில் போடுங்கள் என்று. உலகப் பணக்காரரும் திருத்தங்கல் செல்போன் கடைத் தம்பியும் ஒரே கருத்து!

எல்லாம் செய்தேன். பதினொன்று பதினேழு ஆனது. ஏனென்றால் நான் கூடுதலாக ஆறு தடவை எட்டிப் பார்த்தேன்.

அப்பாவிடம் புலம்பினேன். முப்பது வருஷம் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். விளம்பரம் என்பது எங்கள் மண்ணிலேயே விளைகிற சரக்கு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டுமே, அச்சுத்தொழிலும் தொடர்ந்து வந்தது. அணில், காக்கா என்று படம். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் 'அணில் பெட்டி குடு' என்று கேட்டு வாங்கலாம்.

"லேபிளு ஒரு தடவைதான்யா விக்கும்" என்றார் அப்பா. "ரெண்டாந்தடவை குச்சிதான் விக்கணும்."

எனக்கு லேபிள் மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்த மாதம் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒருவர் பட்டாசு ஆலை விபத்தில் இறந்துபோனார். மருந்து கலக்குகிற ரூம். எங்கள் பக்கம் இந்தச் செய்தி வராத வருஷம் கிடையாது. நான் போனேன், அழுதேன், வீட்டுக்கு வந்து எழுதினேன். அழுகை நிஜம். ஆனால் தலைப்பு வைக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன் பாருங்கள், அதுவும் நிஜம். 'கரிமருந்தில் கரைந்த கனவு... கல் நெஞ்சும் கலங்கும் கண்ணீர்க் கதை!' அவருடைய சைக்கிள் வாசலில் சாய்ந்து நிற்கிற போட்டோவையும் போட்டேன்.

பார்த்தவர்கள் 6,312.

ஆறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு! முன்பின் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள். குடும்ப குரூப்பில் மாமாவே கும்பிடு போட்டார். சாத்தூர் சேவு அரைக்கிலோ வாங்கிப்போய், "நம்ம எழுத்து பிக்கப் ஆயிருச்சு" என்றேன். என் மனைவி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. "என்னத்தைக் கொண்டாடுறீக?" என்று மட்டும் கேட்டாள்.

பதினாறாம் நாள் முடிந்து அந்த வீட்டுப் பெண் வந்தாள். பத்தொன்பது வயசு, காலேஜில் படிக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

"அண்ணே, நீங்க எழுதுனதைப் படிச்சேன். அப்பா சைக்கிள் போட்டோ பார்த்து அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. அதை விடுங்க. அப்பாவுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கு. அதுல ஏதாவது கெடைக்குமா, எங்க போயி எதைக் குடுக்கணும்? அம்புட்டு எழுதியிருந்தீகளே, அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே... பி.காம். படிச்சவுகன்னு சொன்னாக."

ஒரு மாலைப்பொழுது முழுக்க யோசித்து வைத்த தலைப்பு அப்படியே தொண்டையில் அடைத்துக்கொண்டது.

அவள் எதிரிலேயே அந்தக் கட்டுரையை நீக்கினேன். 6,312 பூஜ்யமானது. மறுநாள் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஆபீசில் நாலு கையெழுத்து, இன்னொன்றில் ரெண்டு ஜெராக்ஸ் என்று ஆறு நடை. அந்த நடையில் கற்றதை அழுகை, அடைமொழி எதுவும் இல்லாமல் எழுதினேன். தலைப்பு: 'வேலையில் விபத்து நடந்தால் குடும்பம் செய்ய வேண்டியவை.'

ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ள தொழிலாளி வேலை விபத்தில் இறந்தால், அவரைச் சார்ந்தவர்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், பங்கு பிரித்து மாதாமாதம் வரும். விதவை மனைவிக்கு ஆயுள்வரை, மறுமணம் செய்யாதவரை. மகனுக்கு 25 வயசு வரை. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை. ஈமச்செலவுத் தொகையை 2019-ல் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அதோடு ஒட்டிய ஆயுள் இன்சூரன்ஸ் ஒன்று 1976 முதல் இருக்கிறது. அப்படியொன்று இருப்பதே பல வீட்டில் தெரியாது. ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளி குடும்பத்துக்கும் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. தீப்பெட்டி எங்கள் ஊருக்கு வந்த அதே வருஷம்! தீப்பெட்டி தெரிந்த அளவுக்குச் சட்டம் தெரியவில்லை. விபத்து அறிக்கை, இறப்புச் சான்று, குடும்ப விவரம், பாங்க் பாஸ்புக் என்று கையில் இருக்க வேண்டிய காகிதங்களையும் வரிசையாகப் போட்டேன்.

முதல் நாள் பார்த்தவர்கள் ஒன்பது பேர். நான் எத்தனை என்று கேட்காதீர்கள்.

இணைப்பை யாருக்கும் அனுப்பவில்லை. கூச்சமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் எழுத்து! "நெறையப் பேரு கேட்டு வாராக அண்ணாச்சி, அதான் ஒட்டி வச்சிட்டேன்" என்றார் கடைக்காரர். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியவில்லை. என் பெயர் இருந்த கடைசி வரி, தாளில் இடம் பத்தாமல் வெட்டுப்பட்டிருந்தது.

இதற்கும் அப்பாவிடம்தான் புலம்பினேன். அவர் சுவரைக் காட்டினார். தினசரி காலண்டர். ஆடிப்பெருக்கு அன்றைக்கு எங்கள் ஊரில் அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பம் போடுவார்களே, அந்தச் சரக்கு. அட்டையில் சாமி படம், ஒரு ஓரத்தில் கடைப் பெயர்.

"கடைப்பேருக்காகவாய்யா இதை மாட்டி வச்சிருக்கோம்? ராகுகாலம் பார்க்க மாட்டியிருக்கோம். மாட்டுன ஆணியில பேரும் சேர்ந்து தொங்குது. அதுவாத் தொங்கட்டும்."

சென்ற மாதம் அந்தப் பெண் போன் பண்ணினாள். அம்மா கணக்கில் முதல் மாதப் பணம் ஏறிவிட்டதாம். வேறொன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றைக்கு வாங்கிய சேவுப் பொட்டலத்தை என் மனைவியே பிரித்தாள்.

அன்று ராத்திரி குடும்ப குரூப்பில் டிங் என்று ஒரு சத்தம். தாய்மாமன் எதையோ ஃபார்வர்ட் செய்திருந்தார். 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறி வேறு. திறந்து பார்த்தால், 'வேலையில் விபத்து நடந்தால் குடும்பம் செய்ய வேண்டியவை.'

கீழே மாமா எழுதியிருந்தார்: "மாப்ள, எவனோ ஒரு மகராசன் எழுதியிருக்கான். நீயும் எழுதுறியே... இந்த மாதிரி நாலு பேருக்கு உபயோகமா எழுதக் கத்துக்கோ!"

நான் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.