கொல்லிமலைக் காற்று

எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலை ஏறினோம். ஆடிக்காற்று ஆளையே தள்ளிற்று. “இந்தக் காற்றிலா குழந்தை நாளைக்குத் திருச்சியில் விமானம் ஏறப் போகிறாள்?” என்று இல்லாள் கலங்கினாள்.

பாறைமேல் அமர்ந்திருந்த பருந்தைக் காட்டினோம். அது காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பிற்று, இறக்கை விரித்தது, எளிதில் எழும்பிற்று.

விமானத்துக்கும் அதுவே விதி. இறக்கையின்மேல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பாய்ந்தால்தான் ஒரு விமானம் எழும்பும் என்று கொள்வோம். எதிர்க்காற்றின் வேகம் 30 ஆனால், தரையில் 220 வேகத்தில் ஓடினாற் போதும். பின்காற்றாயின் 280 வேண்டும், ஓடுதூரமும் நீளும். இறங்குவதற்கும் இக்கணக்கே. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேல்காற்றுக் காலத்துக்கு மிகவும் ஏற்றது.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைத்தோம். 2020 ஆகஸ்டு 7 அன்று, கோழிக்கோட்டில், குன்றின்மேல் அமைந்த ஓடுபாதையில், மழையில் பின்காற்றோடு ஒரு விமானம் இறங்கிற்று. தரை தொட்டதும் தாமதமாகவே. பாதை போதாமல் பள்ளத்தில் வீழ்ந்தது. 21 உயிர்கள் மாண்டன.

மறுநாள் குழந்தையின் விமானம் மேற்கு முகமாக ஓடி எழும்பிற்று. “பருந்து மாதிரியே போகிறதே!” என்றாள் இல்லாள். கூப்பிய கைகளை மட்டும் அவள் பிரிக்கவில்லை, நாமும்தான்.