வரிப்பள்ளமும் குண்டும்

பீரங்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குழலைப் பற்றியே பேசுவர். குழலை வார்த்தவனின் அடையாளம் அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வெடியோடு போய் மறையும் குண்டுக்கு அப்பேறு இல்லை. எனினும், குழலின் உட்புறத்தே திருகிச் செல்லும் பள்ளங்களை வெட்டத் தொடங்கிய நாள் முதல், பீரங்கியின் உயர்வும் தாழ்வும் அதனுள் இடப்படும் குண்டையே பெரிதும் பொறுத்தனவாயின.

வழவழப்பான பழைய குழலுக்கு உருண்டைக் குண்டு போதுமாயிருந்தது. இரண்டிற்குமிடையே சிறிது வெளி இருப்பதும், அதன் வழியே விசை வீணாவதும் அந்நாளிற் பொறுத்துக்கொள்ளப்பட்டன. வரிப்பள்ளத்தோடு சிக்கலும் வந்தது. முன்வாய் வழியே உள்ளே போகும்போது குண்டு தளர்வாயிருத்தல் வேண்டும். வெளியே வரும்போது பள்ளங்களை இறுகப் பற்றிச் சுழலுதல் வேண்டும். இவ்விடுகதைக்கு 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் விடை கூற முயன்றோர் பலர்.

பரட் என்பார் குண்டின் அடியில் உலோக வளையமொன்றைப் பூட்டினார். ஹொச்கிஸ் குண்டு மூன்று பகுதிகளாலானது; வெடியின் விசை அடிப்பகுதியை முன்னே தள்ள, இடையிலுள்ள ஈயப்பட்டி பிதுங்கிப் பள்ளங்களிற் புகும். ஷெங்கிள் காகிதக் கூழை நம்பினார். உலர்ந்திருந்தால் அது மிக நன்று. ஈரம் பட்டாலோ ஊதிப் பெருத்து உள்ளே நுழைய மறுக்கும். ஈயத்திற்கும் ஒரு தீக்குணம் உண்டு. குழல்வாயை விட்டதும் சிதறி, முன்னே நின்ற சொந்தப் படையினர் மீதே அது விழுவதுண்டு.

சரியான குண்டு செய்யத்தக்கது யாதென்பதை 1862 ஏப்பிரலில் ஜோர்ஜியாவின் புலாஸ்கிக் கோட்டை கண்டது. அதன் செங்கற் சுவரின் தடிப்பு ஏழரை அடி. எதிரேயுள்ள தைபித் தீவு ஏறக்குறைய ஒரு மைல் தூரத்திலிருந்ததால், அச்சுவர் அசையாதென்றே நம்பப்பட்டது. பொறியியலாளரான கில்மோர் பரட்டின் பீரங்கிகளையும் ஜேம்ஸ் முறைப் பீரங்கிகளையும் அத்தீவில் நிறுத்தினார். பின்னவை புதியவையல்ல, பழைய வழவழப்புக் குழல்களிற் பள்ளம் வெட்டியவை. முன்னர் 42 றாத்தல் உருண்டையை எறிந்த குழல் இப்போது 84 றாத்தல் நீள்குண்டை எறிந்தது. ஏறக்குறைய முப்பது மணிநேரத்தில் சுவர் பிளந்தது. பிளவினூடே வந்த குண்டுகள் வெடிமருந்துக் கிடங்கை அணுகவே, கோட்டை சரணடைந்தது. ஜேம்ஸ் குண்டிற்கு ஒரு நிபந்தனை உண்டு: பள்ளங்கள் அழுக்கின்றி இருத்தல் வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றாலான கறுப்பு மருந்தோ ஒவ்வொரு வெடியிலும் குழலிற் கசடு படியவைப்பது. ஆகவே, அங்கே துடைப்பான் பிடித்தவனுக்கும் வெற்றியிற் பங்குண்டு.

செனற்றராயிருந்த அந்த ஜேம்ஸ் அவ்வாண்டு ஒக்டோபரில் இறந்தார். நியூயோர்க் மாநிலத்தின் சாக் துறைமுகத்தில் அவரது எறிகணைகளைக் காட்டிய வேளையில், தொழிலாளி ஒருவன் ஒரு கணையின் மூடியைக் குறட்டினாற் கழற்ற முயல, அது வெடித்தது. 1864 டிசெம்பரில் பிஷர் கோட்டை முற்றுகையிலோ, பரட்டின் 100 றாத்தற் பீரங்கிகள் ஐந்து தாமே வெடித்துத் தம்மவரையே கொன்றன. கணையினுள் மருந்து உராய்ந்து, குழலைவிட்டு நீங்குமுன் பற்றியதே காரணமென்று பரட் வாதித்தார். குழலை வார்த்தவர் குண்டைக் குறைகூறுவதில் வியப்பில்லைத்தான். ஆயினும் அவர் கூற்றை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது.

1950 இல் உருவான வட-தென் போர்க்கழகத்தினர் வேர்ஜீனியாவின் வின்செஸ்டர் நகருக்கண்மையில் இத்தகைய பீரங்கிகளைப் போட்டிக்காகச் சுடுகின்றனர். பொழுதுபோக்காயினும் தெரிவு பழையதே. பள்ளத்தின் திருகல் குழலோடு பிறந்தது. அதனை மாற்ற முடியாது. நீண்ட குண்டு நேராய்ப் பறக்க விரைந்த சுழற்சி வேண்டுமாதலால், குழல் அனுமதிக்கும் நீளத்திற்கு மேற் குண்டை வார்த்தால் அது தடுமாறிக் கவிழும். எடை மிகுந்தால் குழலினுள் அழுத்தம் மிகும். மருந்தின்மேற் படியாது இடையில் நின்றுவிட்ட குண்டோ குழலையே பிளக்கவல்லது. இலக்கைத் தவறவிட்டவன் மறுமுறை சுடலாம். குழல் பிளந்தால் அருகே நிற்கும் நண்பனுக்கு மறுமுறை இல்லை. அவர்கள் வெடிக்கும் கணைகளை விலக்கித் திண்மக் குண்டுகளையே இடுகின்றனர். இது மிகையான அச்சமன்று. 2008 இல் அதே வேர்ஜீனியாவில், அப்போர்க்காலக் கணையொன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து மாண்டார். நூற்றைம்பது ஆண்டை நெருங்கியும் அதன் மருந்து கெடவில்லை.

புலாஸ்கிச் சுவரிலே புதைந்த குண்டுகள் சில இன்றும் அங்கேயே இருக்கின்றன. அடிப்பாகம் வெளித்தெரிய, செங்கல்லிற் குத்தி நிற்கின்றன.