முட்டி போனால் ஃபீஸ் உண்டா?

"தம்பி, நீ பி.காம். படிச்சவன். வரவு செலவு பார்த்து ஒரு முடிவு சொல்லு!"

எதிர்வீட்டுப் பெரியவர் மூன்று காகிதங்களை என் முன்னால் வைத்தார். விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலை. விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைக் களிமண் ஒட்டியிருக்கும்.

விஷயம் இதுதான். அவர் பையன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கால்பந்தில் லெஃப்ட் விங். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும். சென்னையில் ஒரு கலைக் கல்லூரி 'ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம்' என்கிறது. ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி 'பாதி ஃபீஸ், முழு ட்ராக் சூட்' என்கிறது. மூன்றாவது காகிதம், உள்ளூர் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம். அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவன் அம்மாதான் கூப்பிடுகிறாள்!

அமெரிக்காவில் இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். பையன் மேஜைமேல் நாலைந்து கல்லூரித் தொப்பிகளைப் பரப்பி, டி.வி. கேமரா முன்னால் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். 2021 முதல், கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். நம்ம பையனுக்கு வந்தது இரண்டு கோச்சுகளின் மிஸ்டு கால்.

"பந்து உதைச்சா சோறு கிடைக்குமா தம்பி?"

"ஏன் கிடைக்காது? நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் இல்லையா? 2018-ல மணிப்பூரை ஜெயிச்சு, பெண்கள் கால்பந்துல தமிழ்நாடு முதல்முறையா தேசியப் பட்டம் வாங்கின டீம்ல ஆடினாங்க. இந்தியாவுக்கே ஆடினாங்க. போலீஸ்ல எஸ்.ஐ. வேலையும் கிடைச்சுது."

"அது லட்சத்துல ஒண்ணு."

மறுக்க முடியவில்லை. ஏனென்றால், மிச்ச லட்சத்தில் நானும் ஒருத்தன். இந்தத் தொப்பையை வைத்துச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்... ஒரு காலத்தில் ரைட் பேக்! ட்ராக் சூட்டைக் காட்டியதும் ஒரு கல்லூரிக்குத் தலையாட்டினேன். இரண்டாம் வருஷம் முட்டியில் ஜவ்வு கிழிந்தது. மூன்றாம் வருஷம் முழு ஃபீஸையும் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. ட்ராக் சூட் மட்டும் என்னிடம் தங்கியது.

பி.காம். பாஷையில் கால் ஒரு தேய்மானச் சொத்து. பல்கலைக்கழகப் போட்டிகளில் 25 வயதுக்கு மேல் ஆட முடியாது. டிகிரிக்கு அந்த வயசுக் கணக்கு கிடையாது.

"ரெண்டு கோச்சுக்கும் போன் போடு. அடிபட்டு ஆட முடியாமப் போனா, சலுகை தொடருமான்னு கேளு. எழுத்துல தருவாங்களான்னும் கேளு" என்றேன் பையனிடம்.

போட்டான். முதல் கோச், "நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா பேசாதே தம்பி" என்றார். இரண்டாமவர், "மேனேஜ்மென்ட்டைக் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார்.

"சரி, வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று பெரியவர் காகிதங்களை மடித்தார். "பச்சை மண்ணா இருக்கிற வரைக்கும் எப்படி வேணா மாத்தலாம் தம்பி. சூளைக்குள்ள போயிட்டா உடைக்கத்தான் முடியும்."

அதற்குள் பையன் தெருவில் பந்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். பந்து என்னிடம் உருண்டு வந்தது. உதைக்கலாம் என்று காலைத் தூக்கினேன். முட்டி 'வேண்டாம்' என்றது. குனிந்து கையால் எடுத்துப் போட்டேன்.

"அண்ணே... ஹேண்ட் பால்!" என்றான்.