மிகுதியும் ஒரு வறுமை

அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஐஜிஎம் எனும் எதிர்ப்பொருளின் அளவு இயல்பைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது. வேதியியல் ஆய்வு செய்பவன் என்ற துணிவில், “உங்களுக்கு எதிர்ப்பு சக்திக்குக் குறைவே இல்லப்பா” என்றேன். அந்த மழைக்காலத்தில் அவருக்கு இருமுறை நிமோனியா வந்தது. பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: வால்டன்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா. 1944இல் சுவீடன் நாட்டு மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ராம் விவரித்த அரிய இரத்தப் புற்றுநோய்.

நலமான உடலில் எண்ணற்ற வகை பி அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு வகையும் தனக்குரிய கிருமிக்கூற்றை மட்டுமே அடையாளம் காணும். அந்தப் பன்மையே நம் பாதுகாப்பு. இந்நோயிலோ ஒரே ஓர் அணுவின் வழித்தோன்றல்கள் எலும்பு மஜ்ஜையில் பெருகி, ஒரே வகை ஐஜிஎம்மைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. பிற எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன. இரத்த அணுக்களின் உற்பத்தியும் நலிகிறது. ஐந்து அலகுகள் இணைந்த பெரிய மூலக்கூறு ஐஜிஎம். அது அளவு மீறினால் இரத்தம் பாகுபோல் தடிக்கும்; மூக்கில் இரத்தம் கசியும், பார்வை மங்கும்.

2012இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எம்ஒய்டி88 மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதைக் காட்டியது. கிருமி நுழைந்த செய்தியை அணுவுக்குள் கடத்துவதே அம்மரபணு தரும் புரதத்தின் பணி. அதன் 265ஆம் இடத்தில் லூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமர்ந்ததும், கிருமி இல்லாமலே அபாயமணி ஒலிக்கத் தொடங்குகிறது. அணு அதை நம்பிப் பெருகுகிறது.

என் பிழையை அப்பாவிடம் ஒப்புக்கொண்டு இவற்றை விளக்கினேன். ஓய்வுபெற்ற நூலகர் அவர். சற்று யோசித்துவிட்டு, “அலமாரி நிறைய ஒரே புத்தகம்னு சொல்லு” என்றார்.

சிகிச்சைக்குத் தரும் ரிட்டுக்ஸிமாப், நோயுற்ற பி அணுக்களோடு நல்லவற்றையும் அழிக்கிறது. அதன்பின் பல மாதங்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் அவர் உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்காது. ஆகவே அவருக்காக நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஆண்டுதோறும் வீட்டில் அனைவருக்கும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி. சளி பிடித்தவர் அவர் அறைக்குள் நுழைவதில்லை.

பரிசோதனைத் தாளில் மிகுந்திருக்கும் எண்ணைக் கண்டு வீட்டாருக்கு ஆறுதல் சொல்லும் முன், நண்பர்களே, மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.