காயாத மை

கோடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் காலை ஏழு மணிக்கு நிற்கிறவர்கள் இரண்டு வகை. செல்ஃபி எடுப்பவர்கள், 'இந்த மூட்டம் எப்பப்பா விலகும்?' என்று முனகுபவர்கள். நான் மூன்றாவது வகை. கையில் இந்தியன் இங்க் பாட்டில், பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர். 'பாவம், ஆபீஸ்ல என்ன பிரச்னையோ' என்கிற மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

இந்த வியாதி எனக்கு ஓவியர் ஆதிமூலத்தால் வந்தது. துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ல் அவர் மையால் வரைந்த காந்திகளைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தில் பார்த்தால் கோட்டுச் சிக்கல். தள்ளி நின்றால் சாட்சாத் காந்தி!

எனக்கோ, கோட்டோடு 'வாஷ்' செய்யவும் ஆசை. மையில் தண்ணீர் கலந்து சாம்பலாகப் பூசுகிற வித்தை. சீனாவிலும் ஜப்பானிலும் நூற்றாண்டுகளாக நடக்கிற சங்கதி. 1650-களில் ரெம்ப்ராண்ட், தூங்கும் பெண் ஒருத்தியை வெறும் பிரஷ் வீச்சிலேயே பிடித்துவிட்டார். இதில் ரப்பர் உதவாது. வெள்ளை வேண்டுமா? காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு பூச்சு, காபி குடிப்பதற்குள் காய்ந்துவிடும். 7,000 அடி உயரத்தில், மூட்டத்துக்குள் காயவே காயாது. ஈரத்தின் மேல் கறுப்பு வைத்தால் கன்னாபின்னாவென்று ஓடும்.

எதிரே மக்காச்சோளம் சுடும் அக்கா, குனிந்து அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். ஒரே வீச்சில் முதுகைப் போட்டேன். வந்துவிட்டது! அடுத்து முகம். மை பரவி, கண், மூக்கு எல்லாம் ஒரே மேகம். கிழிக்கப் போனேன்.

"என்ன தம்பி, என்னையவா வரையறீங்க?"

கேட்காமல் வரைந்த குற்றவாளியாக நீட்டினேன்.

"மூஞ்சி யாரோ மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆனா, முதுகு நான்தான். எனக்கு இடுப்பு வலின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

சத்தியமாகத் தெரியாது. குனிந்ததைத்தான் போட்டேன். வலி அதிலேயே இருந்திருக்கிறது.

"இதைத் தர்றீங்களா? மகன்கிட்ட காட்டணும். வலிக்குதுன்னா நம்ப மாட்டேங்கிறான்."

பத்து வருஷத்தில் நான் உருப்படியாகப் போட்ட ஒரே முதுகு சார் அது! மனசில்லாமல்தான் கொடுத்தேன். அடுப்புக்கு மேலே பிடித்து, அப்பளம் வாட்டுகிற பக்குவத்தில் அவரே காய வைத்தார். எனக்கு ஒரு சோளம். காசு வாங்கவில்லை.

கோடைக்குப் போனால் நீங்களும் பிரஷ் எடுத்துப் போங்கள். கேட்டுவிட்டு வரையுங்கள். முகம் வராவிட்டாலும் கிழித்துவிடாதீர்கள். யாருக்காவது மெடிக்கல் ரிப்போர்ட்டாக உதவும்!